அன்று காலை எல்லோருக்கும் வந்த தலைவலி

குளிர் கடுமையாக இருக்கும் ஊரில் வசிக்கும் வாசகி ஒருவர், பெயர் வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வீட்டில் ஆறு பேர். கணவர், 7 வயது மகன், 8 மாதக் கைக்குழந்தை, மாமனார், மாமியார், இவர். மாமனாருக்கு 74 வயது. பல வருடங்களாக இன்சுலின் போட்டுக்கொள்கிறார், பாதங்கள் மரத்துப்போயிருக்கின்றன. மாமியாருக்கு 70. நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பதால் இரவு முழுவதும் கான்சென்ட்ரேட்டர் (காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) வழியாக நிமிடத்துக்கு 2 லிட்டர் ஆக்சிஜன் எடுத்துக்கொள்கிறார்.

சென்ற குளிர்காலத்தில் உறைமழை பெய்து மின்கம்பிகள் அறுந்து விழ, 41 மணி நேரம் கரண்ட் இல்லை. முதல் இரவு கணவர் தோட்டத்தில் இருந்த கரியடுப்பைக் கூடத்துக்குள் கொண்டுவந்து மூட்டினார். புகை போவதற்காக ஜன்னலை நான்கு விரல் அளவு திறந்து வைத்தார்கள். எல்லோரும் அடுப்பைச் சுற்றிப் படுத்தார்கள். மாமியார் மட்டும் அடுத்த அறையில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சிலிண்டர் ஆக்சிஜனில் தூங்கினார். காலையில் எல்லோருக்கும் தலைவலி. மகன் இரண்டு முறை வாந்தி எடுத்தான். பயந்துபோய் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை அவன் விரலில் மாட்டிப் பார்த்தார்கள், 98 காட்டியது. சரி, குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டார்கள். போனுக்குச் சார்ஜ் ஏற்றக் காரில் கிளம்பியவர்களுக்கு அரை மணியில் தலைவலி குறைந்தது. இரண்டாம் இரவு நடுச்சாமத்தில் சிலிண்டர் தீர்ந்துபோக, மாமியார் விடியும்வரை உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினார். ஃப்ரிட்ஜ் ஓடாததால் இன்சுலினை வெளி ஜன்னல் விளிம்பில் பனிக்குள் வைத்திருந்தார்கள்.

இந்த வருடம் முன்கூட்டியே தயாராக வேண்டும் என்று கேட்கிறார். ஜன்னலைத் திறந்து வைத்தால் கரியடுப்பு பரவாயில்லைதானே? ஜெனரேட்டர் வாங்கினால் கார் ஷெட்டில் வைக்கலாமா? குழந்தையைக் கனமான போர்வைக்குள் எங்களுக்கு நடுவில் படுக்க வைத்தால் போதுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, "எது நடந்தாலும் என் வீட்டை விட்டு வரமாட்டேன்" என்று சொல்லும் மாமியாரையும், "இரண்டு நாள்தானே, சமாளித்துவிட்டோமே" என்று சொல்லும் கணவரையும் என்ன செய்வது?

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அந்தத் தலைவலி வரியைப் படித்தபோது மேலே படிக்க முடியாமல் நிறுத்திவிட்டேன். நீங்கள் ஆறு பேரும் உயிரோடு இருப்பதற்காக முதலில் மனதார மகிழ்கிறேன். நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தொழிலின் வழக்கம். ஆனாலும் ஒரே கூரையின் கீழ் தூங்கிய எல்லோருக்கும் ஒரே காலையில் தலைவலி, குழந்தைக்கு வாந்தி, யாருக்கும் காய்ச்சல் இல்லை, வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் இருந்ததும் தெளிவு என்று ஒருவர் சொன்னால், எந்த மருத்துவரும் முதலில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவைத்தான் சந்தேகிப்பார். குளிர் ஒத்துக்கொள்ளாததால் வந்தது என்று நீங்கள் நினைத்தது அநேகமாகக் கரியடுப்பு தந்த நச்சு.

உங்கள் கணவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பிள்ளைகள் நடுங்குவதைப் பார்த்த ஒரு தகப்பன் கைக்குக் கிடைத்த நெருப்பை உள்ளே கொண்டுவந்திருக்கிறார். அந்த அன்பில் குறையில்லை. அந்த வாயுவுக்கு நிறமும் மணமும் இல்லை என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

கரியடுப்பும் நான்கு விரல் ஜன்னலும்

முதல் கேள்விக்கு நேரான பதில்: வேண்டாம். ஜன்னல் எவ்வளவு திறந்திருந்தாலும் வீட்டுக்குள் கரியடுப்பு வேண்டவே வேண்டாம்.

புகை வெளியே போகிறது, ஆகவே ஆபத்தும் போகிறது என்ற எண்ணத்தில்தான் ஜன்னலைத் திறந்தீர்கள். புகை வேறு, கார்பன் மோனாக்சைடு வேறு. கரி நன்றாகப் பற்றி, புகை அடங்கி, சிவந்த தணலாக மின்னும்போதுதான் "இப்போது பயமில்லை" என்று நமக்குத் தோன்றும். அந்தத் தணலில் இருந்து நச்சு வாயு தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். மேலே சாம்பல் பூத்து, அடுப்பு அணைந்துவிட்டது போலத் தெரியும்போதும் வரும். ஜன்னல் இடுக்கால் எவ்வளவு வெளியேறும் என்பது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது. காற்று எதிர்ப்பக்கம் திரும்பினால் அந்த இடுக்கால் ஒரு பயனும் இல்லை. குளிரில் கை தானாக ஜன்னலைச் சாத்தவும் செய்யும். எத்தனை மணிக்குச் சாத்தினோம் என்றுகூட நினைவிருக்காது.

உடலுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன், கணவரிடம் எடுத்துச் சொல்ல உதவும். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அது ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகக் கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை பிடித்துவிட்டால், சாதாரணக் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தால் பாதி வெளியேறவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியாக முழு ஆக்சிஜன் கொடுத்தால் அதே பாதி ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் வெளியேறிவிடும். அதனால்தான் தலைவலி குறைந்துவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. காரில் போனபோது குறைந்தது நல்ல சகுனம் என்று எழுதியிருந்தீர்கள். அப்போதே அந்தக் காரை மருத்துவமனைக்குத் திருப்பியிருக்க வேண்டும்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 98 காட்டியதே என்பீர்கள். இந்தக் கருவி தந்த பொய்யான ஆறுதலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டருக்கு ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். உள்ளே நச்சு ஏறிக்கொண்டிருக்கும்போதும் அது 97, 98 என்று காட்டிக்கொண்டிருக்கும். மாமியாருக்காக அந்தக் கருவியை நம்பிப் பழகிய வீடு உங்களுடையது. ஆகவே இதை மட்டும் மறக்காதீர்கள்: கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் அதன் எண்ணுக்கு மதிப்பில்லை. ரத்தப் பரிசோதனைதான் உண்மையைச் சொல்லும்.

ஓர் இரவு நான் அவசரப் பிரிவில் பணியில் இருந்தபோது ஒரு குடும்பம் வந்தது. நான்கு பேருக்கும் தலைவலி, தலைசுற்றல். ஃப்ளூ என்று அவர்களே முடிவு செய்திருந்தார்கள். காய்ச்சல் யாருக்கும் இல்லை. கடைசி மகள், பத்து வயது இருக்கும், "எங்கள் நாய்க்கும் கால் தடுமாறுகிறது டாக்டர்" என்றாள். மனிதர்களுக்கு வரும் ஃப்ளூவில் வீட்டு நாய் சேர்ந்து தள்ளாடாது. அவள் சொன்ன அந்த ஒரு வரியால்தான் நான்கு பேருக்கும் உடனே சரியான பரிசோதனை நடந்தது. உங்கள் மகனுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், முதலில் எல்லோரும் வெளியே. காரணம் தேடுவதும் அவசர உதவிக்குப் போன் செய்வதும் வெளியே போன பிறகு.

இதே காரணத்தால் கேஸ் அடுப்பை எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும் கூடாது, வெளியில் முகாம் போடும்போது பயன்படுத்தும் அடுப்புகளை உள்ளே ஏற்றுவதும் கூடாது. கார் ஷெட்டுக்குள் காரை ஓடவிட்டு உட்காருவது, ஷெட் கதவு திறந்திருந்தாலும், அதே ஆபத்துதான். வெளியே நிற்கும் காரில் ஹீட்டருக்காக உட்கார்ந்தாலும் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டு எஞ்சினைப் போடுங்கள். வீட்டின் வெப்பமூட்டும் கருவியின் புகைபோக்கி சுவரில் தாழ்வாக இருந்தால், பனி குவிந்து அதுவும் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் அதைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிடுங்கள்.

பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கை அறைகளுக்கு வெளியே, வீட்டுக்கு மாடி இருந்தால் மாடிக்கும் ஒன்று. நீங்கள் எழுதியிருக்கும் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியலில் மெழுகுவர்த்திதான் முதலில் இருக்கிறது. அதை அடித்துவிட்டு அந்த இடத்தில் இதை எழுதுங்கள். வாடகை வீடு என்றால் அலாரம் பொருத்துவது பல நாடுகளில் வீட்டு உரிமையாளரின் கடமை. கேட்பதற்குத் தயங்க வேண்டாம். கேட்டும் தாமதமானால் காத்திருக்காமல் நீங்களே வாங்கி மாட்டுங்கள்.

ஜெனரேட்டர் எங்கே, எவ்வளவு

கார் ஷெட் கூடாது. வராந்தா, பால்கனி, படிக்கட்டின் அடி எதுவும் கூடாது. வீட்டில் இருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, எந்தக் கதவுக்கும் ஜன்னலுக்கும் நேராக இல்லாமல், புகை வாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலையும் கணக்கில் சேருங்கள். அதன் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் கரண்ட் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். அங்கே கொட்டும் பனியில் உங்களுக்காக ஏறி வேலை செய்துகொண்டிருக்கும் லைன்மேன் அதில் அடிபடலாம். வீட்டு ஒயரிங்கோடு இணைக்க வேண்டுமென்றால் அதற்கென மாற்று சுவிட்ச் இருக்கிறது, எலக்ட்ரீஷியன் வந்து பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் கருவிகளைத் தனித்தனியாக நேரே ஜெனரேட்டரில் செருகுங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள், தேவை நினைத்ததைவிடச் சிறியதாக இருக்கலாம். அத்தையின் கான்சென்ட்ரேட்டர் போன்றவை பொதுவாக 300 வாட் சுற்றி எடுக்கும். அறையைச் சூடாக்கும் ஹீட்டர் 1500 வாட். 1000 வாட்-மணி கொள்ளளவு உள்ள (அதாவது 1000 வாட் கருவியை ஒரு மணி நேரம் ஓட்டும்) பேட்டரிப் பெட்டியில் ஹீட்டரைப் போட்டால் 40 நிமிடம் தாண்டாது. அதே பெட்டியில் கான்சென்ட்ரேட்டர், வழியில் வீணாகும் மின்சாரம் போக, 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். ஆகவே பேட்டரியைச் சூட்டுக்குச் செலவழிக்காதீர்கள். சூட்டுக்குக் கம்பளி இருக்கிறது, ஆக்சிஜனுக்கு வேறு வழி கிடையாது. பேட்டரியை வீட்டுக்குள்ளேயே வைத்துச் சார்ஜ் செய்யுங்கள். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும்.

அத்தையின் ஆக்சிஜன்

சிலிண்டர் எப்போது தீரும் என்று தெரியாமல் இரவைத் தொடங்கியதுதான் போன முறை நடந்த தவறு. அதைக் கணக்கிடப் பெரிய படிப்பு தேவையில்லை. சிலிண்டரில் 680 லிட்டர் இருந்து, நிமிடத்துக்கு 2 லிட்டர் போனால், 340 நிமிடம். அதாவது ஐந்தரை மணி நேரம் சொச்சம். ஓர் இரவுக்குக்கூடப் போதாது. உங்கள் சிலிண்டர் எத்தனை லிட்டர் என்று சப்ளை செய்பவரிடம் கேட்டு, "2 லிட்டரில் இத்தனை மணி நேரம்" என்று ஒரு டேப்பில் எழுதிச் சிலிண்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். நடுராத்திரியில், டார்ச் வெளிச்சத்தில், பதற்றத்தில் யாருக்கும் வகுத்தல் கணக்கு வராது.

மின் நிறுவனத்துக்கு இன்றே ஒரு கடிதம் கொடுங்கள். மருத்துவக் கருவியை நம்பி வாழும் வீடுகளுக்கென்று பல நாடுகளில் தனிப் பதிவேடு உண்டு. மாமியாரின் மருத்துவர் சான்று கொடுத்தால் பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள். முன்னறிவிப்பு வரும், சில இடங்களில் சரிசெய்யும்போது முன்னுரிமையும் கிடைக்கும். அது சலுகை கேட்பதாக நினைத்துக் கூச்சப்படாதீர்கள், உங்களைப் போன்றவர்களுக்காகவே வைத்திருக்கும் ஏற்பாடு. ஆனால் பெயர் பதிந்துவிட்டதால் கரண்ட் போகாது என்று நம்பிவிடவும் கூடாது. விழுந்த மரம் பதிவேட்டைப் பார்த்து விழுவதில்லை. ஆக்சிஜன் தரும் நிறுவனத்திடமும் புயல் எச்சரிக்கை வந்ததும் கூடுதல் சிலிண்டர் அனுப்புவார்களா, எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும் என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

மூச்சு வாங்குகிறதே என்று அளவை 2-இல் இருந்து 4-க்குத் திருப்பாதீர்கள். இந்த நோய் உள்ள சிலருக்கு ஆக்சிஜன் அதிகமானால் உடலில் கரியமில வாயு (கார்பன் டை ஆக்சைடு) தேங்கி, தூக்கக் கலக்கமும் மயக்கமும் வரும். எதுவரை கூட்டலாம் என்பதை அவருடைய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று இரவு நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆக்சிஜன் ஓடும் அறைக்கும் திறந்த தணலுக்கும் நடுவே இருந்தது திறந்த கதவு ஒன்றுதான். ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால் அது ஊறிய போர்வையும் முடியும் துணியும் சிறு பொறியில் குப்பென்று பற்றிக்கொள்ளும். அத்தை இருக்கும் வீட்டில் மெழுகுவர்த்தியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். பேட்டரி விளக்குகள் போதும்.

மாமாவின் இன்சுலினும் பாதமும்

ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் பனி இருக்கிறதே என்று நினைத்தது இயல்பு. ஆனால் இன்சுலினுக்குச் சூட்டைவிட உறைதல் உடனடிக் கேடு. ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகு தெளிவாகவே தெரிந்தாலும், அதன் வேலை போய்விடும். தூக்கி எறிய வேண்டியதுதான். அடுத்த ஒரு வாரம் மாமாவின் சர்க்கரை 350-ஐத் தாண்டியது, அலைச்சலால் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அலைச்சலும் ஒரு காரணமாக இருக்கலாம். எனக்கு அந்த ஜன்னல் விளிம்பின் மேல்தான் சந்தேகம்.

திறந்து பயன்படுத்திக்கொண்டிருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 4 வாரம் வரை சாதாரண அறைச் சூட்டில் இருக்கலாம். உங்கள் மருந்துப் பெட்டியில் உள்ள தாளில் சரியான நாட்கள் இருக்கும், அதைப் பாருங்கள். திறக்காதவை இருக்க வேண்டியது 2 முதல் 8 டிகிரி. கரண்ட் போனால் அவற்றை மூடிய ஃப்ரிட்ஜுக்குள்ளேயே விடுங்கள். கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே இருக்கும் சாப்பாட்டுக்கு 4 மணி நேரம் பாதுகாப்பு, இன்சுலினுக்கு அதைவிட அதிகம். அறையே உறைநிலைக்கு இறங்குமானால் துணியில் சுற்றி ஆட்கள் இருக்கும் அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். மற்ற மருந்துகளோடு சேர்த்து ஒரு வாரத்துக்குக் கூடுதல் கையிருப்பு இருக்கட்டும். சர்க்கரை பார்க்கும் மீட்டரையும் ஸ்ட்ரிப்பையும் சட்டையின் உள்பையில் வையுங்கள், சில்லிட்டுப்போனால் மீட்டர் வேலை செய்யாது. சர்க்கரை தாழ்ந்தாலும் நடுக்கம் வரும், பேச்சு குழறும். குளிரால் நடுங்குகிறார் என்று எண்ணிப் போர்வையை மட்டும் போர்த்திவிடாமல், மாமா நடுங்கினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள்.

வெந்நீர்ப் பையைப் பாதத்தில் வைக்காதீர்கள். மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. இரவெல்லாம் சுகமாகத் தூங்கிவிட்டு, காலையில் சாக்ஸைக் கழற்றும்போது தோல் கொப்புளத்தோடு வருவதை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாது. தளர்வான கம்பளிச் சாக்ஸ் இரண்டு போதும். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி வயிற்றருகே வைக்கலாம்.

கைக்குழந்தை

8 மாதக் குழந்தை பெரியவர்களைப் போல நடுங்கித் தன்னைச் சூடாக்கிக்கொள்ள முடியாது. அதனால் அழுகையும் நடுக்கமும் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தோல் சிவந்து, தொட்டால் குளிர்ந்து, குழந்தை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து, பால் குடிக்க மறுத்தால் அதுவே ஆபத்தின் அறிகுறி. கன்னம் சிவந்திருப்பதைப் பார்த்து ஆரோக்கியம் என்று நினைத்துவிட வேண்டாம். கையும் காலும் எப்போதும் கொஞ்சம் குளிர்ந்தே இருக்கும். பிடரியிலும் மார்பிலும் தொட்டுப் பாருங்கள்.

கனமான போர்வைக்குள் இரண்டு பேருக்கு நடுவில் படுக்க வைப்பதுதான் எனக்குக் கவலை. களைத்துத் தூங்கும் பெரியவர்களும் முகத்தில் ஏறும் போர்வையும் குழந்தையின் மூச்சை அடைத்துவிடலாம். பகலில் விழித்திருக்கும்போது உங்கள் மார்போடு தோல் படும்படி வைத்து இருவரையும் சேர்த்துப் போர்த்திக்கொள்ளுங்கள், அதற்கு இணையான சூடு எந்தக் கருவியிலும் இல்லை. இரவில் குழந்தைக்குத் தனித் தொட்டில், உங்கள் கைக்கெட்டும் தூரத்தில். ஆடையை அடுக்கடுக்காகப் போட்டு, அதன்மேல் போர்வைக்குப் பதில் உடையாகவே அணியும் தூக்கப் பை. அந்த அறையைக் குழந்தை தூங்கும் அளவுக்குச் சூடாக வைத்திருக்க முடியவில்லை என்றால், அந்த வீட்டில் அன்று இரவு குழந்தை இருக்கக் கூடாது.

ஒரே அறையில் குடும்பம்

வீடு முழுவதையும் காப்பாற்ற நினைக்காமல் ஓர் அறையை மட்டும் காப்பாற்றுங்கள். சிறிய அறை, ஜன்னல் குறைவு, வெயில் விழும் பக்கம். கதவடியில் துண்டைச் சுருட்டி வையுங்கள், ஜன்னலுக்குக் கம்பளம் தொங்கவிடுங்கள், தரையில் கனமாக விரியுங்கள். தலையையும் கழுத்தையும் மூடுங்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர் கணக்கில் குறைந்தது 3 நாளுக்குச் சேமியுங்கள். குழாய் உறையாமல் இருக்க மெல்லிய நூலாகத் தண்ணீர் ஒழுக விடுங்கள், பிரதான வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருவருக்காவது தெரிந்திருக்கட்டும். சாப்பாடு, டார்ச், பவர் பேங்க் எல்லாம் நீங்களே நன்றாக எழுதியிருக்கிறீர்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை.

அறைச் சுவரில் ஒரு தெர்மாமீட்டர் மாட்டுங்கள். "எனக்குக் குளிரவே இல்லை" என்று அத்தை சொல்வதை வைத்து முடிவெடுக்க முடியாது. வயதானால் குளிரை உணரும் திறன் மங்கும், நடுக்கமும் குறையும். உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் 18 டிகிரியையாவது காக்கச் சொல்கிறது. முதியவர்களுக்கு அதற்குக் கீழே நாள்முழுவதும் இருப்பதே உடல் வெப்பம் இறங்கக் காரணமாகலாம். பேச்சு குழறுவது, பொத்தான் போட வராமல் விரல் தடுமாறுவது, பேசாமல் ஒதுங்கி உட்காருவது, நடுங்கிக்கொண்டிருந்தவர் திடீரென நடுக்கம் நின்று அமைதியாவது, இவைதான் அதன் அறிகுறிகள். கடைசியாகச் சொன்னதைப் பார்த்து, "அப்பாடா, சூடு வந்துவிட்டது, தூங்கட்டும்" என்று விட்டுவிடாதீர்கள். அதுதான் மோசமான கட்டம். உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். அது வரும்வரை ஈரத் துணியை மாற்றி, மார்பு, கழுத்து, வயிறு என்று நடு உடலை முதலில் சூடாக்குங்கள். கைகால்களைத் தேய்க்காதீர்கள். சூடேறும் என்று மது கொடுக்காதீர்கள், அது தோலின் ரத்தக் குழாய்களை விரித்து இருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும்.

வரமாட்டேன் என்பவரும் இரண்டு நாள்தானே என்பவரும்

இரண்டு நாள் என்பது போன முறை அமைந்த கணக்கு. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக், ஒன்டாரியோ பகுதிகளில் உறைமழை பெய்து கம்பங்களும் கோபுரங்களும் சாய்ந்தபோது, சில இடங்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கடுங்குளிரும் மின்தடையும் சேர்ந்து வந்தபோது 246 பேர் இறந்ததாக அந்த மாநிலச் சுகாதாரத் துறை கணக்கிட்டது. பெரும்பாலோர் குளிரிலேயே இறந்தார்கள். வீட்டுக்குள் சூட்டுக்கு வழி தேடிக் கார்பன் மோனாக்சைடில் போனவர்களும் உண்டு, மருத்துவக் கருவி நின்று போனவர்களும் உண்டு. உங்கள் வீட்டில் இந்த மூன்று ஆபத்துக்கும் ஆள் இருக்கிறார்கள். கணவரிடம் இதைச் சொல்லும்போது பயமுறுத்துவது போலச் சொல்லாமல், "போன முறை நாம் தப்பித்தோம், சமாளிக்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். அந்தக் காலைத் தலைவலி எதனால் வந்தது என்று விளங்கினால் அவரே மாறுவார் என்று நம்புகிறேன்.

அத்தையின் பிடிவாதத்தைப் பிடிவாதம் என்று மட்டும் பார்க்க வேண்டாம். மூக்கில் குழாயோடு இன்னொருவர் வீட்டில் படுப்பது, இரவில் எழுந்து கழிவறை தேடுவது, கருவியின் சத்தம் மற்றவர் தூக்கத்தைக் கெடுக்குமோ என்ற கூச்சம். இவற்றை வாய்விட்டுச் சொல்ல முடியாததால்தான் பலர் "என் வீட்டை விட்டு வரமாட்டேன்" என்கிறார்கள். புத்தி தெளிவாக இருக்கும் பெரியவரை அவர் சம்மதம் இல்லாமல் தூக்கிக்கொண்டு போகும் உரிமை உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் புயல் அடிக்கும் இரவில் அவரிடம் கெஞ்சுவதற்கும், வெயில் அடிக்கும் ஒரு மதியம் உட்கார்ந்து பேசுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

ஆகவே இந்த வாரமே, எல்லோரும் இருக்கும்போது, கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். எந்தப் பொருள் வாங்குவதையும்விட இது முக்கியம் என்று நினைக்கிறேன். என் யோசனை இது. கரண்ட் போய் 3 மணி நேரம் ஆகியும் எப்போது வரும் என்று மின் நிறுவனம் சொல்லவில்லை என்றாலோ, அறைத் தெர்மாமீட்டர் 16-க்கு இறங்கினாலோ, கையில் இருக்கும் ஆக்சிஜன் பயண நேரத்தைப் போல் மூன்று மடங்குக்குக் கீழே வந்தாலோ, இவற்றில் எது முதலில் நடந்தாலும் கிளம்புவது. விவாதம் கிடையாது. உறைமழை எச்சரிக்கை வந்துவிட்டால் கரண்ட் போகும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், சாலை ஓட்டத்தக்கதாக இருக்கும்போதே போய்விடுங்கள். இருட்டில் கண்ணாடி போல வழுக்கும் சாலையில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போவது இன்னொரு ஆபத்து. எங்கே போவது என்பதையும் அத்தையே தேர்ந்தெடுக்கட்டும். உறவினர் வீடா, மின்சாரம் உள்ள தங்கும் விடுதியா, ஊரில் திறக்கும் பொது முகாமா? ஒரு சாதாரண நாளில் அங்கே அவரைக் கூட்டிப்போய், கருவியை எங்கே செருகுவது, கழிவறை எந்தப் பக்கம் என்று காட்டிவிட்டு வாருங்கள். தெரிந்த இடத்துக்குக் கிளம்புவது அவருக்குச் சுலபம்.

அப்படியும் மறுத்தால், குழந்தைகளை அழைத்துக்கொண்டு நீங்கள் கிளம்புங்கள். கணவர் அவரோடு இருக்கட்டும், தீரும் நேரம் எழுதிய சிலிண்டர்களோடும் சார்ஜ் ஏறிய பேட்டரியோடும். எல்லோரும் சேர்ந்தே இருந்தாக வேண்டும் என்ற நினைப்பில் 8 மாதக் குழந்தையை அந்தக் குளிரில் வைத்திருக்க வேண்டாம். பேரப்பிள்ளை கிளம்புவதைப் பார்த்ததும் பாட்டியும் செருப்பைத் தேடுவதை நான் கண்டிருக்கிறேன்.

அலாரம் வாங்கி வந்த அன்று, சோதனைப் பொத்தானை அத்தையின் கையாலேயே அழுத்தச் சொல்லுங்கள். எல்லோரும் கூடத்தில் நின்று அந்தச் சத்தத்தைக் கேளுங்கள், உங்கள் மகனும் கேட்கட்டும். பிறகு அதன் பின்பக்கத்தைத் திருப்பி, எந்த வருடம் மாற்ற வேண்டும் என்று அச்சிட்டிருப்பதைப் படித்து, சிலிண்டரில் எழுதிய அதே பேனாவால் முன்பக்கம் பெரிதாக எழுதி மாட்டுங்கள்.